செய்யுளுக்குப் பொருள் காணும் வழிகள்: இராமநாதபுரக் கரையின் வாசிப்பு வட்டம் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

தொண்டியில் தொடங்கி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் வழியாகத் தனுஷ்கோடியைத் தொட்டு, மறுபக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று நீளும் இராமநாதபுரக் கரையில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. திருப்புல்லாணியில் திருமங்கையாழ்வாரின் பாசுரங்கள் சேவிக்கப்படுகின்றன. உத்தரகோசமங்கையில் அடியார்கள் திருவாசகம் ஓதுகிறார்கள். கீழக்கரைப் பள்ளிவாசல்களில் குர்ஆன் ஓதும் குரல் கேட்கிறது. தங்கச்சிமடத்திலும் ஓரியூரிலும் தேவாலயங்களில் விவிலியத்தின் திருப்பாடல்கள் பாடப்படுகின்றன. தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபின் கண்ணிகளும், இராமநாதபுரத்தில் சமாதி கொண்ட தாயுமானவரின் கண்ணிகளும் இந்த மண்ணுக்கே உரியவை. ஓதவும் பாடவும் ஆளிருக்கிற இக்கரையில், ஓதியதன் பொருளை ஒன்றாக உட்கார்ந்து பேசுவதற்கு இடம்தான் குறைவு. அதற்காக மாதம் ஒருமுறை கூடும் வாசிப்பு வட்டம் ஒன்றைத் தொடங்க விரும்பும் இளைஞர்கள் சிலர், எந்த முறையில் பொருள் காண்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று கருதி, என் கருத்தைக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை விரித்து எழுதினால், இதே எண்ணமுள்ள பிற ஊர்க்காரர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

அவர்களுடைய நிலைமையை முதலில் சொல்லிவிட வேண்டும். வட்டத்தில் மூன்று சமயத்தவரும் இருப்பார்கள். கூடுவதற்குக் கிடைக்கும் நேரம் ஒன்றரை மணி அளவு. நூல்கள் வாங்கப் பணம் மிகுதியாக இல்லை. தமிழாசிரியரோ, இஸ்லாமிய மார்க்கம் கற்ற ஆலிமோ, பட்டாச்சாரியாரோ ஒவ்வொரு மாதமும் வந்து உட்கார இயலாது. இந்த நிலைமையில் அவர்கள் முன் இருந்த வழிகள், உரைநூலைத் துணையாக வைத்துப் படிப்பது, உரையை மூடிவைத்துவிட்டு மூலத்தை மட்டும் கூடி வாசிப்பது, இந்த நிலத்தையும் கடல்தொழிலையும் வரலாற்றையும் கொண்டு பொருள் காண்பது, கற்றவர் ஒருவரிடம் பாடம் கேட்பது, பாடிப் பாடியே பொருளை உணர்வது என்பன. ஒவ்வொன்றையும் ஆதரித்துப் பேச அவர்களுக்குள்ளேயே ஓர் ஆள் இருந்தார். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாச் செய்யுளுக்கும் அதையே பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தைத்தான் நான் மறுக்கிறேன். ஒரு செய்யுள் எந்தச் செயலுக்காக இயற்றப்பட்டதோ அந்தச் செயலே, அதை எந்த வழியில் அணுக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. வேண்டுதலும், அகப்பாட்டும், நெறி சொல்லும் மறைவசனமும், ஊஞ்சல் தள்ளிக்கொண்டு பாடும் பாட்டும் நம்மிடம் எதிர்பார்ப்பவை ஒன்றல்ல.

உரைநூலை வைத்துப் படிப்பதில் கிடைக்கும் நன்மை என்ன என்பதை, பேச்சாகச் சொல்வதைவிடத் திருப்புல்லாணியைப் பாடும் ஒரு பாசுரத்தைக் கொண்டே காட்டலாம். பெரிய திருமொழியின் ஒன்பதாம் பத்தில் இரண்டு திருமொழிகள் இத்தலத்துக்கு உரியவை. இரண்டிலும் ஆழ்வார் பிரிவால் வருந்தும் ஒரு பெண்ணின் நிலையில் நின்று பேசுகிறார். அவற்றுள் இரண்டாவது திருமொழி இவ்வாறு தொடங்குகிறது:

காவார் மடற்பெண்ணை அன்றில் அரிகுரலும்
ஏவாயின் ஊடியங்கும் எஃகின் கொடிதாலோ
பூவார் மணங்கமழும் புல்லாணி கைதொழுதேன்
பாவாய் இதுநமக்கோர் பான்மையே ஆகாதே

இன்று தமிழ் படித்த ஒருவர் இதை முதன்முறையாகப் பார்க்கும்போது, ‘பெண்ணை’ என்பதை ஒரு பெண்ணைக் குறிப்பதாகவே எடுத்துக்கொள்வார். பாட்டு பெண்ணின் ஏக்கத்தைச் சொல்வதால் அந்தத் தவறு இன்னும் இயல்பாக நேரும். பெண்ணை என்பது பனை. சாயல்குடிப் பக்கம் எங்கு திரும்பினாலும் கண்ணில் படுகிற அதே மரத்தின் மேலிருந்துதான் அன்றில் கத்துகிறது. துணையைப் பிரியாத பறவை என்று நம் இலக்கியம் காலங்காலமாகக் கொண்டுவரும் அன்றிலின் குரல், பிரிந்திருப்பவளுக்குத் தாங்கவில்லை. இரண்டாம் அடி இதைவிடக் கடினமானது. ‘ஏ’ என்றால் அம்பு. ‘ஏ வாய்’ என்பது அம்பு பட்டுத் திறந்த புண்ணின் வாய். அந்தப் புண்ணுக்குள்ளேயே மறுபடியும் வேல் நுழைந்து போவதைக் காட்டிலும் கொடியது அந்தக் குரல் என்கிறாள். இந்தப் பதப்பிரிப்பு தெரியாமல் பத்துப் பேர் சேர்ந்து எவ்வளவு நேரம் பேசினாலும் அந்த அடி திறக்காது. பதவுரை அரை நிமிடத்தில் திறந்துவிடுகிறது.

எனவே சொல் பழமையாலும் புணர்ச்சியாலும் மூடிக்கிடக்கும் செய்யுள்களுக்கு உரை இன்றியமையாதது என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்த உரை என்பதுதான் அடுத்த கேள்வி. ஆழ்வார்களின் நாலாயிரப் பாசுரங்களுக்கும் வியாக்கியானம் செய்த பெரியவாச்சான் பிள்ளையின் உரை ஆழமானது. ஆனால் அது வடமொழியும் தமிழும் கலந்த மணிப்பிரவாள நடையில் இருப்பதால், காலட்சேபம் கேட்டுப் பழகாதவர்கள் பாசுரத்தைப் புரிந்துகொள்ள முயல்வதற்கு முன் உரையைப் புரிந்துகொள்ள முயல வேண்டியிருக்கும். தொடக்கநிலை வட்டத்துக்குக் காஞ்சிபுரம் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியாரின் திவ்யார்த்த தீபிகை போன்ற, பதவுரையும் பொழிப்பும் எளிய தமிழில் தரும் நூலே ஏற்றது. திருவாசகத்துக்குச் சித்பவானந்தரின் உரையைப் போல எளிதில் படிக்கத்தக்கவை உண்டு. மூலம் மட்டும் வேண்டுமானால் மதுரைத் திட்டத்தின் தளத்திலும், உரையோடு வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் செலவில்லாமல் கிடைக்கின்றன.

உரையின் குறை எங்கே இருக்கிறது என்பதையும் இக்கரையின் பாட்டைக் கொண்டே காணலாம். மாணிக்கவாசகரின் நீத்தல் விண்ணப்பம் ஐம்பது பாடல்களைக் கொண்ட அந்தாதி. அதன் தொடக்கப் பாடல்களில் இறைவன் ‘உத்தரகோசமங்கைக்கு அரசே’ என்று அழைக்கப்படுகிறான். ‘கடையவனேனைக் கருணையினால் கலந்து ஆண்டுகொண்ட விடையவனே விட்டிடுதி கண்டாய்’ என்ற முதல் பாட்டின் தொடரை எடுத்துக்கொள்வோம். சொல்லை உள்ளபடி பார்த்தால் ‘விட்டுவிடுவாய், பார்’ என்பதே நிற்கிறது. உரைகாரர்கள் பெரும்பாலும் ‘விட்டுவிடுவாயோ’ என்று வினாவாக்கியோ, ‘விட்டுவிடாதே’ என்ற வேண்டுதலாக்கியோ பொருள் தருகிறார்கள். பாட்டு ‘என்னைத் தாங்கிக்கொள்ளே’ என்று முடிவதால் அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் உரையை முதலில் படித்துவிட்ட ஒருவர், ‘நீ என்னைக் கைவிடத்தான் போகிறாய்’ என்று அஞ்சி நடுங்குகிற குரலைக் கேட்கவே மாட்டார். அந்த அச்சம் கேட்டால்தான் ‘தாங்கிக்கொள்’ என்ற இறுதி வேண்டுதலின் எடை தெரியும். பதிகத் தலைப்பே இருவழியாக நிற்கிறது: ‘என்னை நீக்காதே’ என்ற விண்ணப்பம் என்று கொள்வது ஒன்று, பழைய பதிப்புகள் தரும் ‘பிரபஞ்ச வைராக்கியம்’ என்ற குறிப்பைப் பின்பற்றி, உலகப் பற்றை நீத்தற்கான விண்ணப்பம் என்று கொள்வது மற்றொன்று. உரை ஒன்றைத் தேர்ந்து தந்துவிடும்போது மற்றொன்று வாசகரின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. உரையைக் குறை சொல்ல நான் இதைக் கூறவில்லை. உரை எப்போது திறக்கப்பட வேண்டும் என்ற வரிசைதான் இங்கே முக்கியம்.

உரையில்லாமல் மூலத்தை மட்டும் வாசிக்கும் வழியை வட்டத்தின் இளையவர்கள் மிகவும் விரும்பினார்கள். ‘எல்லோரும் இன்புற்று இருக்க நினைப்பதுவே அல்லாமல் வேறொன்று அறியேன் பராபரமே’ என்ற தாயுமானவரின் கண்ணிக்கு உரை எதற்கு என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான். சொல் தெளிவாக இருக்கும் கண்ணிக்கு இந்த வழி போதும். அங்கேயும், கேட்பதற்கு எளிது என்பதாலேயே அதை ஒரு வாழ்த்துத் தொடராகச் சுருக்கிவிடும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. கைப்பேசியில் வரும் காலை வணக்கப் படங்களில் இந்தக் கண்ணி தனியே நிற்கிறது. பராபரக் கண்ணி என்ற நீண்ட விண்ணப்பத்தின் உள்ளே வைத்துப் படித்தால், ஊருக்குச் சொல்லும் வாழ்த்தாக அன்றி, இறைவனிடம் தன் உள்ளத்தைத் திறந்து காட்டும் ஒருவரின் வாக்குமூலமாக அது ஒலிக்கும். ஆகவே மூலத்தை மட்டும் படிப்பவர்கள் முழு மூலத்தையும் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையை இவ்வழிக்கு நான் வைக்கிறேன்.

இவ்வழிக்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. பழைய பாட்டுகளில், குறிப்பாக அகவற்பாக்களில், ஒரே வாக்கியம் பத்துப் பதினைந்து அடிகளுக்கு ஓடும். அதில் முதலில் முற்றுவினையைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிறகு அதற்கு எழுவாய் எது, யார் யாரிடம் பேசுகிறார் என்று கேட்க வேண்டும். ஆற்றுநீர், நிரல்நிறை, கொண்டுகூட்டு முதலாக நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களும், சொற்கள் செய்யுளில் எப்படி ஒன்றோடொன்று சேர்கின்றன என்பதைப் பற்றியவையே. இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டுவிட்ட குழு, உரையைத் திறக்கும்போது அதோடு உரையாடத் தகுதி பெற்றிருக்கும்.

நிலத்தையும் தொழிலையும் கொண்டு பொருள் காணும் வழிக்கு வருகிறேன். இக்கரையினருக்கு மிகவும் கைகொடுப்பதும், மிகவும் எளிதாக ஏமாற்றிவிடுவதும் இந்த வழிதான். அகநானூற்றின் எழுபதாம் பாட்டு, மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடிய நெய்தற்பாட்டு. அதன் முதல் நான்கடிகள் இவை:

கொடுந்திமிற் பரதவர் வேட்டம் வாய்த்தென
இரும்புலாக் கமழும் சிறுகுடிப் பாக்கத்துக்
குறுங்கண் அவ்வலைப் பயம்பா ராட்டிக்
கொழுங்கண் அயிலை பகுக்கும் துறைவன்

பரதவர்க்கு வேட்டை வாய்த்திருக்கிறது. பாக்கம் முழுவதும் மீன்வாடை. கண் சிறுத்த வலை தந்த பயனைப் பாராட்டிக்கொண்டே அயிலை மீனைப் பங்கிடுகிறார்கள். அப்படிப்பட்ட துறையை உடையவன் தலைவன். நகரத்து வகுப்பறையில் இந்த நான்கு அடிகள் ‘நெய்தல் நில வருணனை’ என்ற ஒரு வரிக் குறிப்போடு கடந்து போய்விடும். கரையில் பாடு, அதாவது பிடித்த மீன், இறங்கும் நேரத்தில் நின்றிருப்பவருக்கு அப்படிக் கடந்துபோக முடியாது. நல்ல பாடு கிடைத்த அன்று அது ஒரு வீட்டின் செய்தியாக இருப்பதில்லை. வாடை போகிற இடமெல்லாம் செய்தியும் போகிறது. பங்கு பிரிக்கும் இடத்தில் படகுக்காரர், வலைக்காரர், ஆள்காரர் என்று எல்லாருக்கும் உரிமை உண்டு. இதைத் தெரிந்துகொண்டு அடுத்த அடிகளைப் படித்தால், தலைவியோடு தலைவன் கொண்ட நட்பை முன்பு அலர்வாய்ப் பெண்டிர், அதாவது ஊரில் பழி பேசும் பெண்கள், தூற்றியதும், ஊர் முழுவதும் அது தெரிந்துபோனதும், முதலடிகளின் வாடைப் பரவலோடு இயைந்து நிற்பதாக எனக்குப் படுகிறது. அது என் வாசிப்பு, உரையில் கண்டதன்று. ஆனால் கருப்பொருளை வைத்து உள்ளே ஒரு குறிப்பை உணர்த்துவது அகப்பாட்டின் இலக்கணம் என்று தொல்காப்பியம் உள்ளுறை, இறைச்சி என்ற பெயர்களில் சொல்லியிருப்பதால், இவ்வாறு தேடுவது வரம்பு மீறியதாகாது. அயிலை எந்த மீன் என்ற கேள்வியும் கூட்டத்தில் எழும். நாம் கானாங்கெளுத்தி என்பதை மலையாளக் கரையில் அயில என்கிறார்கள்; பாட்டில் வருவதும் அதுவாக இருக்கலாம் என்று கடல்தொழில் செய்யும் ஒருவர் சொன்னால், அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். பாட்டின் பொருள் அந்த விடையில் தங்கியிருக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

அதே பாட்டின் பின்பகுதியில்தான் இவ்வழியின் ஆபத்து இருக்கிறது. திருமணம் கூடியபின் ஊரின் அலர் அடங்கிவிட்டது என்பதற்குப் புலவர் ஓர் உவமை சொல்கிறார்: ‘வென்வேற் கவுரியர் தொன்முது கோடி முழங்கிரும் பௌவம் இரங்கும் முன்துறை, வெல்போர் இராமன் அருமறைக்கு அவித்த பல்வீழ் ஆலம்போல ஒலியவிந்தன்று.’ பல விழுதுகளை உடைய ஆலமரத்தில் ஒலித்துக்கொண்டிருந்த பறவைகளை, இராமன் தன் மறைவான ஆலோசனைக்காக அடக்கியதைப் போல ஊர் அடங்கியது. கோடி என்பது தனுஷ்கோடி என்போரும் உண்டு. கோடியக்கரை என்போரும் உண்டு. கவுரியர் என்பது பாண்டியரைக் குறிப்பதால், பாண்டி நாட்டுக் கடற்கரையாகிய தனுஷ்கோடியே பொருந்தும் என்பது என் துணிபு. ஆனால் இராமேசுவரம் தீவினர் கூடும் வட்டத்தில் இந்தப் பாட்டைப் படித்தால், பேச்சு முழுவதும் ‘எந்த இடம், எந்த மரம்’ என்பதிலேயே போய்விடும். இந்த உவமையின் உயிர், ஓசை நிறைந்த ஒன்று சட்டென்று அடங்குவதில் இருக்கிறது. அருமறை என்பதற்கு வேதம் என்று பொருள் கொண்டால்கூட, ஒலி அடங்கிய காட்சி மாறாது. எனினும் அடக்குவதற்கான காரணமாக நிற்பது மறைவான ஆலோசனையே என்பதால் அப்பொருளே சிறக்கிறது. அலர் ஓய்ந்த நிம்மதியைத் தோழி சொல்கிறாள் என்பதை விட்டுவிட்டு ஆலமரத்தின் இடத்தைத் தேடிப் போனால், ஊர்ப்பெருமை மிஞ்சும்; பாட்டு மிஞ்சாது.

இதேபோன்ற ஓர் இழுப்பு திருப்பாடல் 107ஐப் படிக்கும்போதும் வரும். கப்பலேறிக் கடலில் தொழில் செய்பவர்கள் புயலில் சிக்கி, வானளவு ஏறி ஆழத்துக்கு இறங்கித் தடுமாறி, இறைவனைக் கூப்பிட, அவர் கடலை அமைதியாக்குவதை அது சொல்கிறது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இவ்வடிகள் தம் ஊர்க்கதையாகவே படும். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். அதை ஒதுக்கிவிட்டுப் படிக்கச் சொல்வது கொடுமை. ஆனாலும் அத்திருப்பாடலில் கடலோடிகள் நான்காவதாகவே வருகிறார்கள். பாலையில் வழி தவறியவர்கள், சிறைப்பட்டவர்கள், நோயுற்றவர்கள் ஆகியோர் அவர்களுக்கு முன்னே வருகிறார்கள். துன்பத்தில் ஆண்டவரை நோக்கிக் கூவினார்கள் என்ற அடி நான்கு முறை திரும்பி வருகிறது. நான்கையும் சேர்த்துப் படித்தால்தான், கடலில் பட்ட துன்பம் மற்றவர் துன்பங்களின் வரிசையில் வைக்கப்பட்டிருப்பது தெரியும். எபிரேயப் பாட்டு ஒரு கருத்தை ஓர் அடியில் சொல்லி, அடுத்த அடியில் அதையே வேறு சொல்லால் எதிரொலிக்கும் இயல்புடையது. அதை அறிந்தவர் ஒவ்வோர் அடிக்கும் தனித்தனிப் பொருள் தேடி அலைய மாட்டார்.

நிலத்தைக் கொண்டு பொருள் காண்பது எங்கே அறவே உதவாது என்பதற்குச் சீறாப்புராணம் சான்று. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் உமறுப்புலவர் தொடங்கிய அக்காப்பியம், நபிகளின் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில் நாட்டுப் படலம், நகரப் படலம் என்று வைத்துப் பாடுகிறது. அரபு நாட்டை மருத வளம் கொழிக்கும் நாடாகப் பாடியிருப்பதைப் படித்து, ‘அங்கே ஏது வயல்’ என்று கேட்பவர் புவியியல் நூலைப் படிப்பதாக எண்ணிவிட்டார். காப்பியத் தலைவனின் நாட்டை வளமுடையதாகப் பாடுவது மரபு. அந்த மரபுக்குள் நபிகளை வைத்துப் போற்றுவதே புலவரின் நோக்கம்.

பாடம் கேட்கும் வழி நேரத்தாலும் ஆளாலும் கிடைப்பதற்கு அரியது. ஆயினும் இரண்டு இடங்களில் அதைத் தவிர்க்கக் கூடாது என்பேன். முதலாவது குர்ஆன். மூன்றாம் அத்தியாயத்தின் ஏழாம் வசனம், தெளிவான பொருளுடைய வசனங்களும் பல பொருளுக்கு இடம் தரும் வசனங்களும் வேதத்தில் இருப்பதைச் சொல்கிறது. பின்னவற்றின் விளக்கத்தை அல்லாஹ்வைத் தவிர வேறெவரும் அறியார் என்ற இடத்தில் நிறுத்தி ஓதினால், ‘அறிவில் உறுதி பெற்றோர்’ என்று தொடங்கும் அடுத்த பகுதி, அவர்கள் ‘நாங்கள் நம்புகிறோம்’ என்று சொல்வதைக் கூறும் தனி வாக்கியமாகிறது. நிறுத்தாமல் தொடர்ந்தால், அந்த அறிவுடையோரும் விளக்கத்தை அறிந்தவர்களில் சேர்கிறார்கள். இரண்டுக்கும் பழைய விரிவுரையாளர்களிடம் ஆதரவு உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு, மொழிபெயர்த்தவர் எங்கே நிறுத்தினாரோ அந்த ஒரு பொருள்தான் தெரியும். மற்றொன்று இருப்பதே தெரியாது. வசனத்தைப் பொருள்கொள்வதைப் பற்றியே பேசுகிற வசனத்தில் இப்படி ஓர் இரட்டைநிலை இருப்பதை எண்ணும்போதெல்லாம், ஓதக் கற்றவரும் தஃப்ஸீர் என்னும் குர்ஆன் விரிவுரை அறிந்தவருமான ஆலிம் ஒருவர் இல்லாமல் குர்ஆன் வசனத்துக்குப் பொருள் சொல்ல வட்டத்தில் எவரும் முன்வரக் கூடாது என்ற உறுதி எனக்குக் கூடுகிறது. ஒரு வசனம் எந்தச் சூழலில் அருளப்பட்டது என்பதையும் அவரே சொல்ல முடியும். சட்டம் சொல்லும் வசனங்களில் அது இல்லாமல் ஓர் அடிகூட நகர இயலாது.

இரண்டாவது இடம், 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள். மனோன்மணிக் கண்ணியில் அவர் ‘மனோன்மணியே’ என்று ஒரு பெண்ணை அழைத்து உருகுகிறார். சைவ, யோக நூல்களில் சக்தியின் பெயராக வழங்கும் அச்சொல்லை இஸ்லாமிய ஞானி ஒருவர் ஆளும்போது, அவர் தம் சமயத்தை விட்டுவிட்டார் என்று ஒருவரும், இது வெறும் காதற்பாட்டு என்று இன்னொருவரும் முடிவு கட்டிவிடக் கூடும். இறைவனைக் காதலியாக வைத்து ஏங்கும் சூபி மரபையும், உடலையும் மூச்சையும் குழூஉக்குறியால் பேசும் சித்தர் மரபையும் ஒருசேர அறிந்தவர் பக்கத்தில் இருந்தால், இரண்டு முடிவுகளும் அவசர முடிவுகள் என்பது விளங்கும். இப்பாடல்களுக்கு அச்சிட்ட உரை உதவினாலும், கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது.

பாடியே பொருளுணரும் வழியைப் படித்தவர்கள் மெலிதாக எண்ணுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உத்தரகோசமங்கையைப் பாடும் திருப்பொன்னூசலின் முதல் பாட்டைப் பாருங்கள்:

சீரார் பவளங்கால் முத்தங் கயிறாக
ஏராரும் பொற்பலகை ஏறி இனிதமர்ந்து
நாரா யணனறியா நாண்மலர்த்தாள் நாயடியேற்(கு)
ஊராகத் தந்தருளும் உத்தர கோசமங்கை
ஆரா அமுதின் அருள்தா ளிணைபாடிப்
போரார்வேற் கண்மடவீர் பொன்னூசல் ஆடாமோ

பவளத்தில் கால் நட்டு, முத்தைக் கயிறாக்கி, பொற்பலகை போட்ட ஊஞ்சல். முத்துக் குளித்த கடலுக்கு அருகே பாடப்படும் பாட்டில் இந்தப் பொருள்கள் வருவது இயல்பாகத் தோன்றும். அதையும் மிகைப்படுத்த வேண்டாம். இதை வாய்விட்டுப் பாடும்போதுதான் ஆறு அடிகளும் சீரா, ஏரா, நாரா, ஊரா, ஆரா, போரா என்று ஒரே எதுகையில் எழும்புவதும், ஒவ்வோர் அடியும் ஊஞ்சலின் ஒரு வீச்சாக முன்னே போவதும் தெரியும். அந்த வீச்சில் ‘ஊராக’ என்ற சொல் நான்காம் அடியின் தலையில் வந்து விழுகிறது. திருமால் காணாத திருவடியை இந்த எளியவனுக்கு ஊராகவே தந்துவிட்டான் என்கிறார். கண்ணால் படித்துக்கொண்டு போகிறவர் ‘நாயடியேற்கு ஊராகத் தந்தருளும்’ என்பதை ஒரே மூச்சில் கடந்துவிடுவார். பாடுகிறவர் அந்தச் சொல்லில் நின்று எழுகிறார். உரை ‘உறைவிடமாக’ என்று சரியாகவே சொல்லும். ஊர் என்ற சொல்லுக்கு இங்கே இருக்கும் நெருக்கம், பாடுகிற வாய்க்குத்தான் முதலில் கிடைக்கிறது.

பாம்பன் சுவாமிகளின் சண்முக கவசமும் இவ்வகையில் சேரும். அதன் முப்பது பாடல்களும் பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் பதினெட்டு மெய்களின் வரிசையையும் முறையே முதலெழுத்தாகக் கொண்டவை. எழுத்து ஒன்றும் விடுபடாமல் ஓதி முடிப்பது அந்த நூலின் காப்புத் தன்மையோடு சேர்ந்தது; ஒரு பாட்டை மட்டும் பிய்த்தெடுத்து ஆராய்வதில் பயன் குறைவு. இந்த வழியின் குறையும் வெளிப்படையானது. பாடிப் பழகிய பாட்டு பொருள் தெரியாமலேயே இனிக்கும். இனிமையே போதும் என்று நின்றுவிட்டால் ‘பெண்ணை’ வாழ்நாள் முழுவதும் பெண்ணாகவே இருக்கும்.

இனி, அவர்களுக்கு நான் சொன்ன முடிவு. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு செய்யுளுக்கு மேல் எடுக்க வேண்டாம். முதலில் பண்ணோ ஓதும் முறையோ தெரிந்தவர் இரண்டு முறை பாட, மற்றவர்கள் புத்தகம் பார்க்காமல் கேட்க வேண்டும். பிறகு அரைமணி நேரம் உரையை மூடிவைத்து, பேசுபவர் யார், கேட்பவர் யார், முற்றுவினை எது என்ற கேள்விகளோடு மூலத்தைப் படிக்க வேண்டும். அதன்பின் பதவுரையைத் திறந்து, தாம் கண்டதோடு ஒப்பிட வேண்டும். நிலத்தையும் தொழிலையும் பற்றிய பேச்சைக் கடைசிக் கால்மணி நேரத்துக்கு ஒத்திவைப்பது நல்லது. முன்னே விட்டால் அது முழு நேரத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பதற்கு மேலே சொன்ன ஆலமரமே போதும். உரையும் வட்டத்தின் வாசிப்பும் மாறுபட்டு, இரண்டும் இலக்கணத்துக்கும் முழுப்பாட்டுக்கும் முரணாமல் நின்றால், குறிப்பேட்டில் இரண்டையும் எழுதி, எது உரைகாரர் கூற்று, எது நம் கூற்று என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும். வாக்கெடுத்து ஒன்றை நீக்கும் வழக்கம் வேண்டாம்.

எதிலிருந்து தொடங்குவது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதல் கூட்டத்துக்கு அகநானூற்றின் எழுபதாம் பாட்டை எடுக்கலாம். அதன் மையம் ஒரு காதலும் ஊரின் அலரும் ஆகையால், யாருடைய வழிபாட்டு நூலையும் முதல் நாளே தொட வேண்டியதில்லை. பாடு இறங்குவதையும் பங்கு பிரிப்பதையும் மூன்று சமயத்தவரும் ஒரே கரையில் பார்த்திருக்கிறார்கள். அடுத்ததாகத் திருப்புல்லாணிப் பாசுரத்தை வைத்தால், அகத்தின் தலைவி பக்திப் பாட்டுக்குள் எப்படி வந்தாள் என்பது தானே விளங்கும். அகநானூற்றில் கண்ட புன்னை ஆழ்வாரின் புல்லாணிப் பாசுரங்களிலும் பூத்திருப்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். திருப்பாடல் 107க்குத் தேவாலயத்தில் பயன்படும் பதிப்பையே எடுத்துக்கொள்ள வேண்டும். குணங்குடியாரின் கண்ணிகளை அதற்குப் பின் வைக்கலாம். குர்ஆன் வசனத்துக்குரிய கூட்டத்தின் தேதியை வட்டம் குறிக்கக் கூடாது. வர இசையும் ஆலிமிடம் கேட்டு, அவர் சொல்லும் நாளையும் அவர் தேர்ந்தெடுக்கும் வசனத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கையிலிருக்கும் பணத்தில் முதலில் ஒரு நல்ல தமிழ் அகராதி வாங்கிவிட்டு, எஞ்சியதில் அகநானூற்று உரையை வாங்கச் சொன்னேன். மற்ற நூல்களை அந்தந்தச் சமயத்தவரின் வீடுகளிலிருந்தே இரவல் பெற்றுக்கொள்ளலாம்.